நீலப்பூ சிவந்த கொல்லை

இப்பொழுதெல்லாம் ஜனங்கள் கண்ணால் பார்ப்பதில்லை, காதால் பார்க்கிறார்கள். டீக்கடையில் ஒருவன் ஒன்றைச் சொன்னால் போதும், பத்துப் பேர் அதை நேரில் கண்டதாகச் சத்தியம் செய்கிறார்கள். நான் சமஸ்தானப் போலீசில் ஏட்டாக இருந்த காலத்தில் பொய் சொல்கிறவனுக்குக் கொஞ்சமாவது நாக்கு உலரும். இன்றைக்குப் பொய் சொல்லிவிட்டு வெற்றிலை போட்டுக்கொள்கிறான். சமஸ்தானம் போய்ப் பத்து வருஷம் ஆகிவிட்டது. என் உத்தியோகமும் அதோடு போயிற்று. சந்தேகம் மட்டும் என்னை விட்டுப் போகவில்லை.

அன்று ஆவணி மாதத்துப் புதன்கிழமை. புதுக்கோட்டையில் சைபுல்லாவின் சைக்கிள் கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். சைபுல்லாவுக்கு நாற்பது வயது. பஞ்சர் ஒட்டுகிற நேரம் போக மிச்ச நேரம் எனக்குத் துணையாக வருவான். வாய் மட்டும் எந்த நேரமும் ஓயாது.

ஈரத்துண்டில் எதையோ சுற்றிக்கொண்டு ஒரு ஆள் வந்து நின்றான். முப்பத்தைந்து வயது இருக்கும். நாலு நாளாகச் சவரம் செய்யாத முகம்.

"ஏட்டையா சேவுகன் நீங்கதானுங்களா? எம் பேரு ஆத்மநாதன். கீரமங்கலத்துக்குப் பக்கத்துல எங்க ஊரு. கொடைக்கானல் மலை ரோட்டுல மேஸ்திரியா இருக்கேன்."

துண்டைப் பிரித்தான். இரண்டு பூக்கொத்துகள். ஒவ்வொன்றும் இரண்டு கையையும் சேர்த்துப் பிடிக்கிற அளவு. சின்னச் சின்னப் பூக்கள் சந்தைக் கூட்டம் மாதிரி நெருக்கியடித்துக்கொண்டிருந்தன. ஒன்று வேட்டிக்குப் போடும் நீலம். இன்னொன்று பள்ளிக்கூடப் பிள்ளைகள் கட்டும் ரோஸ் ரிப்பன் நிறம்.

சைபுல்லா மோந்து பார்த்தான். "வாசமும் இல்ல. கட்டவும் ஆகாது, வைக்கவும் ஆகாது. இது எதுக்குய்யா பூக்குது?"

"எம் பொண்டாட்டியைக் கொலைகாரியாக்கத்தான் பூத்திருக்கு" என்றான் ஆத்மநாதன்.

விஷயம் இதுதான். அவனுடைய அப்பா உடையப்பன், வயது எழுபத்திரண்டு, இருபத்திரண்டு நாளாகக் காணவில்லை. ஆத்மநாதன் மலையில் இருந்தான். வீட்டில் இருந்தது அவன் மனைவி அமராவதியும் நாலு வயது மகளும். அரிமளத்தில் கட்டிக்கொடுத்த அவன் தங்கை காத்தாயி, சேதி கேட்டு வந்தவள் கொல்லைப் பக்கம் போனாள். அங்கே இருந்த கொடைக்கானல் செடியில் பூ சிவந்திருந்தது. வாசலில் இருந்த செடியில் நீலம். "எங்கப்பனைக் கொன்னு இதுக்கடியில பொதைச்சிருக்கா. ரத்தத்தைக் குடிச்சுப் பூ செவந்திருக்கு" என்று தெருவில் உருண்டாள். அதையே ஸ்டேஷனில் எழுதியும் கொடுத்துவிட்டாள்.

"இன்னைக்கு மத்தியானம் எஸ்.ஐ. தோண்டப் போறாருங்க. தோண்டி முடிச்ச கையோட அவளை ஏத்திட்டுப் போயிருவாரு. ஊரே அவதான்னு சொல்லுது."

"ரெண்டும் ஒரே செடியா?"

"ஒரே செடியில ஒடிச்ச ரெண்டு குச்சிங்க. மூணு வருசம் முந்தி கொண்டாந்தேன். வாசல்ல ஒண்ணு, கொல்லையில ஒண்ணு நட்டேன். மொத வருசம் ரெண்டும் நீலமாத்தான் பூத்துச்சு."

"கொல்லைப் பூ எப்ப மாறுச்சு?"

"அப்பா காணாமப் போனதுக்கு அப்பறம்."

"அதை யாரு பார்த்தா?"

"எல்லாரும் சொல்றாங்க."

"சொல்றவனைக் கேக்கலை. போன மாசம் அந்தக் கொல்லையில நின்னு, பூ நீலமா இருந்துச்சுன்னு பார்த்தவன் யாரு?"

ஆத்மநாதன் பூவைத் திரும்பத் துண்டில் சுற்றினான்.

பஸ் ஏறும் முன் ஞானமணியைப் பார்த்தேன். கொடைக்கானல் துரைமார் பங்களாக்களில் இருபது வருஷம் தோட்டக்காரனாக இருந்துவிட்டு, இங்கே நாற்று விற்கிறவன். இரண்டு பூவையும் பார்த்ததும் சிரித்தான்.

"இதுக்குப் பேரு ஐதராஞ்சியா. இந்த ஊரு வெயில்ல இது உசுரோட இருக்கிறதே பெருசு. மண்ணு புளிச்சா நீலம் பூக்கும் ஏட்டையா. சுண்ணாம்பு ஏறினா ரோஸ். துரைசாணியம்மா ரோஸ் கேட்டா நான் வேருல சுண்ணாம்பைப் போடுவேன். நீலம் கேட்டா படிகாரத்தைக் கரைச்சு ஊத்துவேன். நம்ம செம்பராங்கல் மண்ணு புளிச்ச மண்ணு. சும்மா விட்டா நீலந்தான்."

"ரத்தம் ஊத்தினா?"

"நல்லா வளரும். நெறம் மாறாது."

"சுண்ணாம்பு போட்டா எத்தனை நாள்ல மாறும்?"

"நாளா? பூத்த பூவு மாறாது. மண்ணு மாறணும், அப்பறம் வர்ற மொட்டு மாறணும். ஒரு வருசமாவது ஆகும். எனக்கு அதுக்கு மேலயே ஆயிருக்கு."

சைபுல்லா என் காதில், "கொலைகாரி ஒரு வருசம் முன்கூட்டியே சுண்ணாம்பு போட்டு வச்சிருக்கா. நல்ல பொறுமை" என்றான்.

ஞானமணி சொன்னதை நான் அப்படியே நம்பவில்லை. தோட்டக்காரன் தன் கையால்தான் சூரியனே உதிக்கிறது என்பான்.

ஊருக்குப் போய்ச் சேர்ந்தபோது கொல்லையைச் சுற்றி ஐம்பது பேர் நின்றார்கள். எஸ்.ஐ. சின்ன வயசுக்காரர், புதுப் பெல்ட். கடப்பாரையோடு இரண்டு கூலியாட்கள். காத்தாயி மார்பில் அடித்துக்கொண்டிருந்தாள். அமராவதி மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு கதவோரம் நின்றாள். மெலிந்த உடம்பு, அழுது முடித்த கண்.

கொல்லை என்பது வீட்டுக்குப் பின்னால் பத்தடி இடம். ஒரு பக்கம் மாட்டுக்கொட்டகை. நடுவில் துவைக்கிற கல். கல்லை ஒட்டி அந்தச் செடி, ஏழெட்டு ரோஸ் கொத்தோடு. அதற்குப் பின்னால் மண்சுவர். சுவர் முழுக்கப் புதுசாக வரட்டி தட்டியிருந்தது.

"எஸ்.ஐ. ஐயா, கால் மணி நேரம் குடுங்க. தோண்டுறதுக்கு முந்தி ஒரு சோதனை" என்றேன்.

"நீங்க யாரு பெரியவரே?"

"சமஸ்தானத்துல ஏட்டு."

"இப்ப சமஸ்தானம் இல்லையே."

"நான் இருக்கேனே."

அமராவதியிடம் தாம்பாளத்தில் மஞ்சள் தண்ணீர் கேட்டேன். கொண்டுவந்தாள். வாசல் செடியின் மண்ணை ஒரு பிடி கொண்டுவரச் சொல்லித் தாம்பாளத்தில் போட்டேன். தண்ணீர் மஞ்சளாகவே கலங்கியது. அதைக் கொட்டிவிட்டு வேறு மஞ்சள் தண்ணீர் ஊற்றி, கொல்லைச் செடியின் மேல்மண்ணைப் போட்டேன். ஓரத்தில் தொடங்கி உள்ளே வரைக்கும் தண்ணீர் சிவந்தது.

கூட்டத்தில் ஒரு கிழவி கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"ரத்தமும் இல்லை, ஒண்ணும் இல்லை. வீட்டுக்கு வீடு ஆலம் கரைக்கிறீங்க. மஞ்சள்ல எது சேர்ந்தா செவக்கும்?" என்றேன்.

"சுண்ணாம்பு" என்று நாலைந்து பெண்கள் ஒரே குரலில் சொன்னார்கள்.

"இந்த மண்ணுல சுண்ணாம்பு ஏறியிருக்கு. அதான் பூ மாறியிருக்கு. வாசல் மண்ணுல சுண்ணாம்பு இல்லை, பூ மாறலை."

நான் ஜெயித்துவிட்டதாக நினைத்தேன். எஸ்.ஐ. தொப்பியைக் கழற்றி வியர்வையைத் துடைத்தார். முகம் மலர்ந்திருந்தது.

"சுண்ணாம்பா? பொணத்து மேல சுண்ணாம்பு கொட்டினா நாத்தம் வெளிய வராது. எனக்கு இது தோணலை. ரொம்ப உபகாரம் பெரியவரே. தோண்டுங்கப்பா."

அமராவதி என்னை ஒரு பார்வை பார்த்தாள். அதற்கு முன் எத்தனையோ பேர் என்னை அப்படிப் பார்த்திருக்கிறார்கள். அவர்களுக்கெல்லாம் நான் விலங்கு மாட்டியிருந்தேன்.

சைபுல்லா மெதுவாகக் கேட்டான். "ஏட்டையா, நாம யாரு பக்கம்? சும்மா தெரிஞ்சு வச்சுக்கத்தான்."

செடி வேரோடு வந்து விழுந்தது. கூலியாட்கள் இறங்கினார்கள். நான் விடவில்லை. ஒவ்வொரு முழ ஆழத்திலும் ஒரு பிடி மண் வாங்கி மஞ்சள் தண்ணீரில் போட்டேன். மேல்மண் நன்றாகச் சிவந்தது. ஒரு முழத்தில் சிவப்பு வெளுத்தது. இரண்டு முழத்தில் தண்ணீர் மஞ்சளாகவே கிடந்தது. அதற்குக் கீழே கடப்பாரை டங்கென்று செம்பராங்கல்லில் பட்டுத் திரும்பி வந்தது. இன்னும் அரைமுழம் உடைத்தார்கள். பாறைதான்.

"பொணத்து மேல கொட்டின சுண்ணாம்புன்னா அடியில இருக்கணும். இது மேலாக இருக்கு. தெனம் கொஞ்சமா மேல விழுந்த சுண்ணாம்பு. கல்லும் யாரும் கை வைக்காத கல்லு" என்றேன்.

எஸ்.ஐ. குழியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இங்க இல்லை, அவ்வளவுதானே. ஆளு எங்க? இருபத்திரண்டு நாளா மாமனாரைக் காணோம், இந்தம்மா ஒரு தகவல்கூடக் குடுக்கலை. அதுக்கு என்ன சொல்றீங்க? நாளைக்குச் சாயங்காலம் நாலு மணி. அதுக்குள்ள ஆளைக் காட்டுங்க. இல்லைன்னா இந்தம்மா ஸ்டேஷனுக்கு வரணும்."

கூட்டம் கலைந்தது. பிணம் கிடைக்காததில் பல பேருக்கு வருத்தம்.

நான் துவைக்கிற கல்லில் உட்கார்ந்தேன். தினமும் சுண்ணாம்பு விழுந்தது என்று வாய் சொல்லிவிட்டது. எப்படி விழுந்தது? கைக்கு எட்டும் தூரத்தில் சுவர். ஒரு வரட்டியைப் பெயர்த்தேன். பக்கத்து வரட்டியையும் பெயர்த்தேன். சைபுல்லாவும் சேர்ந்துகொண்டான்.

வரட்டிக்குப் பின்னால் சுவர் வெள்ளையாக இருந்தது. பூசின வெள்ளை இல்லை. விரல் தடம். ஒவ்வொன்றும் ஒரு விரல் நீளம், மேலிருந்து கீழே இழுத்தது. ஒன்றின் மேல் ஒன்று, நூற்றுக்கணக்கில். நின்றவன் இழுத்த உயரம் இல்லை. உட்கார்ந்தவன் தோள் உயரம்.

வெற்றிலை போடுகிற யாரும் செய்கிற காரியம்தான். இலையில் தடவியது போக விரலில் ஒட்டின மிச்சச் சுண்ணாம்பைத் தூணிலோ சுவரிலோ துடைப்பான். எந்த வீட்டிலும் முன்பக்கத் தூணில் அந்தத் தடம் இருக்கும். இந்த வீட்டில் முன்பக்கம் சுத்தமாக இருந்தது.

"ஏட்டையா, இது ஒரு வாரத்து வேலை இல்லை. கிழவன் இங்கிட்டே குடியிருந்திருக்கான்" என்றான் சைபுல்லா. அதைச் சொல்லும்போது அவன் வேடிக்கை பேசவில்லை.

அமராவதியைக் கூப்பிட்டேன்.

"மாமா இங்கதான் ஒக்காருவாரா தாயி?"

"ஆமாங்கய்யா. காத்து வரும்னு."

"படுக்கிறது?"

"கொட்டகையில. அவரே கேட்டாருங்க."

"சுண்ணாம்பு யாரு வாங்கிக் குடுப்பா?"

"தெரியாதுங்க."

"வெத்தலை?"

"அதுவும் தெரியாதுங்க."

சைபுல்லா குழியோரத்தில் உட்கார்ந்து மேல்மண்ணை உள்ளங்கையில் தேய்த்துக்கொண்டிருந்தான். "இங்க பாருங்க. பொடிப்பொடியா மின்னுது. வேகாத கிளிஞ்சல். இந்த ஊருச் சந்தையில விக்கிறது கல்லுச் சுண்ணாம்பு. இது கடக்கரைச் சரக்கு. எங்க மாமியா ஊருல இதான் போடுவாங்க."

"கடற்கரையில இருந்து இந்தக் கொல்லைக்கு யாரு வருவா?"

வேலிக்கு அந்தப் பக்கம் பாத்திரம் விளக்கிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுப் பிச்சையம்மாள் பதில் சொன்னாள்.

"வேற யாரு, கருவாட்டு பாய்தான். கட்டுமாவடி ஜெகபர் அலி. செவ்வாக்கெழமை செவ்வாக்கெழமை வயக்காட்டு வழியா சைக்கிள்ல இந்தக் கொல்லைக்கு வருவாரு. பெருசோட ஒக்காந்து ஒரு நாழி பேசிட்டுத்தான் போவாரு. சித்திரை மாசமே எங்கிட்டச் சொன்னாரே, 'ஒங்க பக்கத்துக் கொல்லையில ரோஸ் கலர்ல பூத்திருக்கு, பார்த்தியா ஆத்தா'ன்னு. எனக்கு எங்க நேரம்."

"சித்திரையிலயா? ஆவணியில மாறுச்சுன்னு ஊரே சொல்லுதே."

"ஊருல எவ இங்கிட்டு வந்தா, பார்க்கிறதுக்கு?"

அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் அன்றைக்கு நான் முழுசாக நம்பினேன்.

"அந்த பாய் இப்ப வர்றாரா?"

"மூணு வாரமா வரலை."

மறுநாள் விடியற்காலை முதல் பஸ். அறந்தாங்கியில் மாறிக் கட்டுமாவடி போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்பது. ஆத்மநாதனும் கூட வந்தான். கரையில் படகுகள் ஏறிக் கிடந்தன. மணலில் பாய் விரித்து மீன் காயப்போட்டிருந்தார்கள்.

ஜெகபர் அலியைத் தேடவே வேண்டாம். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்ற ஆள்தான் ஜெகபர் அலி. ஐம்பது வயது, வெள்ளைத் தாடி.

"போலீசா?"

"அந்தக் காலத்துப் போலீஸ். பெரியவர் எங்க பாய்?"

அவர் கையைத் தூக்கிக் காட்டினார். ஓலைக்கொட்டகை நிழலில் ஒரு கிழவர் நீளக் குச்சியோடு உட்கார்ந்திருந்தார். காக்கை இறங்கும் சத்தம் கேட்கும் பக்கம் குச்சியை வீசினார். கண் இரண்டிலும் பால் மாதிரி புரை.

"அவருதான் கூட்டிட்டுப் போகச் சொன்னாரு. வீட்டுல சொல்லிட்டேன்னாரு. கேரியர்ல உக்கார வச்சு வயக்காட்டு வழியா வந்தேன். ஒருத்தன் கூட எங்கன்னு கேக்கலை. அப்பறம் போலீசு, கொலைன்னு சேதி வந்துச்சு. எனக்குக் கை காலு ஓடலை" என்றார் ஜெகபர் அலி.

ஆத்மநாதன் போய் அப்பாவின் முன்னால் மண்டியிட்டான். அழுதான். உடையப்பன் அவன் தலையைத் தடவிப் பார்த்தார்.

"எளைச்சுட்டியே. மலையில சோறு கிடைக்கலையா?"

"அப்பா, வாங்கப்பா. அமராவதியை ஒங்களைக் கொன்னதாப் பிடிக்கப் போறாங்க."

"தெரியும்."

நான் குறுக்கிட்டேன். "எப்பத் தெரியும்?"

"பத்து நாளாத் தெரியும். பாய் சொன்னாரு. அவரு போகச் சொன்னாரு, நான்தான் மாட்டேன்னுட்டேன்."

"ஒரு பொம்பளை கொலைகாரியாத் தெருவுல நிக்கிறான்னு தெரிஞ்சும் சும்மா இருந்தீங்களா?"

குச்சி மணலில் ஒரு கோடு இழுத்தது. "நான் ரெண்டு வருசம் கொட்டகையில கிடந்தேன். அவ சும்மாத்தான இருந்தா. அவளுக்குப் பத்து நாள் ஆகாதா?"

சைபுல்லா கடல் பக்கம் நடந்து போனான்.

ஞானமணி சொன்னதைச் சரிபார்க்காமல் எனக்கு மனம் ஆறவில்லை. "அந்தச் செடிக்குச் சுண்ணாம்பு போட்டது நீங்கதானே?"

"செடியா? கல்லுக்குப் பக்கத்துல ஏதோ ஒண்ணு கையில இலை தட்டும். பாய் கொட்டாங்கச்சி நெறையச் சுண்ணாம்பு குடுத்துட்டுப் போவாரு, ஒரு வாரத்துல காஞ்சுரும். காஞ்சதைக் கழுவி அங்கதான் ஊத்துவேன். பூத்துச்சா அது?"

"ரோஸ் நிறத்துல."

"எனக்கு எந்த நெறமும் தெரியாது" என்றார்.

ஆத்மநாதன் மறுபடியும் கெஞ்சினான். பேத்தியின் பெயரைச் சொன்னான். "அந்தப் பிள்ளையை என் மடியில ஒரு நாள் விட்டிருப்பாளா?" என்று கிழவர் முகத்தைக் கடல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

நான் எழுந்தேன். "சரி பெரியவரே. நாங்க கிளம்புறோம். எஸ்.ஐ.கிட்ட நீங்க இருக்கிற எடத்தைச் சொல்லுவேன், சொல்லாம இருக்க முடியாது. அவரு இளவட்டம். கொலை இல்லைன்னா ஆள் கடத்தல்னு எழுதுவாரு. இங்க வந்து மொதல்ல வண்டியில ஏத்துறது ஜெகபர் அலியை."

குச்சி நின்றது. ஒரு காக்கை இறங்கி மீனைத் தூக்கிக்கொண்டு போயிற்று. அவர் விரட்டவில்லை.

"அது எப்படி? அவரு எனக்குச் சோறு போட்டவரு."

"அதை எங்கிட்டச் சொல்லிப் பிரயோஜனம் இல்லை."

கை நீட்டினார். பிடிக்கப் போன மகனை விலக்கிவிட்டு ஜெகபர் அலியின் தோளைப் பிடித்து எழுந்தார். "என் மூட்டையை எடுத்துக் குடுங்க பாய். பொழுது சாய இங்கயே வந்துருவேன்."

மூன்றரை மணிக்கு ஊர். வாசலில் போலீஸ் ஜீப் நின்றது. அமராவதி மகளைப் பிச்சையம்மாளிடம் கொடுத்துக்கொண்டிருந்தாள். பிள்ளை அவள் கழுத்தை விடவில்லை. அந்த நேரத்தில், கிழவருக்காகப் பஸ் ரோட்டில் பிடித்த எங்கள் மாட்டுவண்டி போய் நின்றது.

"நாந்தான் உடையப்பன். எவனும் என்னைக் கொல்லலை. எங்கையில எங்க வேணும்னாலும் மை தடவிக்கங்க" என்றார் கிழவர்.

எஸ்.ஐ. எழுதினார், கைரேகை வாங்கினார். கடைசியில் என்னைப் பார்த்து, "அந்த மஞ்சள் தண்ணி வேலை நல்லா இருந்துச்சு பெரியவரே" என்றார். ஜீப் போயிற்று. பத்து நாளாகக் கத்தின ஊர் ஒரு நிமிஷத்தில் சமையலுக்குத் திரும்பியது.

காத்தாயி ஓடிவந்து காலில் விழுந்தாள். "எங்க வீட்டுக்கு வந்துருங்கப்பா. நான் வச்சுப் பார்க்கிறேன்."

"ஒங்க வீட்ல எங்கிட்டு ஆத்தா? கொல்லையிலயா, அதுக்கும் அங்கிட்டா?" என்றார். அவள் மூக்கைச் சிந்தினாள். மறுபடி கேட்கவில்லை. ஐந்து மணி பஸ்ஸுக்கு அரிமளம் போய்விட்டாள்.

அமராவதி ஒரு சீட்டோடு என்னிடம் வந்தாள். "நான் கெட்டவ இல்லீங்கய்யா. மாமாவுக்கு இருமல். பிள்ளைக்கு ஒட்டிக்கும், தள்ளிப் படுக்க வைங்கன்னு டாக்டரே எழுதிக் குடுத்திருக்காரு. பாருங்க. அதுக்கப்பறம்தான் கொல்லையில விட்டேன்."

சைபுல்லாவுக்கு முகம் இளகிவிட்டது. "பிள்ளையை வச்சுக்கிட்டு அவங்கதான் என்ன செய்வாங்க, ஏட்டையா."

சீட்டு இங்கிலீஷில் இருந்தது. எனக்கு மூணாம் கிளாஸ்தான். அந்த எழுத்து தெரியாது. எண் தெரியும். இந்த வருஷம் மார்ச் இருபத்துநாலாம் தேதி. பங்குனி. அடுத்த மாதம் சித்திரையில் ஜெகபர் அலி அந்தப் பூவை ரோஸாகப் பார்த்திருக்கிறார். மண் மாறி, மொட்டு மாறிப் பூக்க ஒரு வருஷமாவது வேண்டும் என்றான் ஞானமணி. சீட்டு வாங்கினபோது கிழவர் கொல்லைக்குப் போய் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது.

நான் தேதியின் மேல் விரலை வைத்து, அவளைப் பார்த்தேன். "இதுக்கு ரொம்ப முந்தியே அந்தச் செடி மாற ஆரம்பிச்சிருச்சு தாயி."

அவள் சீட்டை வாங்கி மடித்தாள். இன்னும் சின்னதாக மடித்தாள். கொலை செய்யாதவளைக் கொலைகாரி இல்லை என்று காட்டினேன். அதற்குத்தான் என்னைக் கூப்பிட்டார்கள். கிழவரைக் கொல்லைக்குத் தள்ளினதற்கு எந்தச் சட்டத்திலும் செக்‌ஷன் கிடையாது.

உள்ளே முன் அறையில் கிழவரை நாற்காலியில் உட்கார வைத்திருந்தார்கள். காபி, விசிறி, தலையணை எல்லாம் வந்தன. பேத்தியைக் கொண்டுபோய்ப் பக்கத்தில் நிறுத்தினார்கள். பழக்கமில்லாத பிள்ளை அம்மாவிடம் ஓடிவிட்டது.

ஆத்மநாதன் என் கையைப் பிடித்துக்கொண்டான். "ஐயா, நீங்க ஒரு வார்த்தை சொன்னா இருப்பாருங்க. இனிமே இந்த ரூம்லதான் வச்சுக்குவோம். அவளும் திருந்திட்டா. நான் மாசா மாசம் வாரேன். நம்புங்கய்யா."

"ரெண்டு வருசத்துல எத்தனை தடவை வந்த?"

"ஆறேழு தடவை வந்திருப்பேன்."

"ஒரு தடவையாவது கொல்லைப் பக்கம் போனியா?"

நான் கையை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினேன்.

சைபுல்லா பின்னாலேயே ஓடிவந்தான். "என்ன ஏட்டையா, ஒரு வார்த்தை சொல்லிட்டு வரக்கூடாதா? அந்தப் பையன் உண்மையாத்தான் அழுவுறான். அவன் பொண்டாட்டியும் சூடுபட்டுருச்சு. இனிமே நல்லாத்தான் பார்த்துப்பாங்க. பெருசும் இருந்துருவாரு."

"மூட்டையைக் கீழ வச்சாரா?"

அவன் திரும்பிப் பார்த்தான். திறந்த கதவு வழியாக நாற்காலி தெரிந்தது. காபி ஆடை படிந்து கிடந்தது. மூட்டை கிழவரின் மடியில் இருந்தது. இரண்டு கையும் அதன் மேல் இருந்தன.

"வைக்கலை" என்றான். "ஆனா வைப்பாரு. ஒரு நாள் ஆகும்."

"இருக்கும்" என்றேன்.

"நம்பலைதானே நீங்க?"

பஸ் வரும் ரோட்டுக்கு அரை மைல் இருந்தது. நான் நடையை நிறுத்தவில்லை.